அங்க அடையாளம்

எழுந்ததும் விரல்களை மடக்க எத்தனை நிமிடம் என்று கேட்டார்கள்.
கெட்டில் இரண்டு தடவை கொதித்து ஆறும் நேரம் என்றேன்.
தொண்ணூறு என்று எழுதிக்கொண்டாள் நொம்வூலா.

அப்பா வழி எந்த மொழி, அம்மா வழி எந்த மாவட்டம்,
வெளியில் கலந்தது உண்டா?
அம்மாவின் பக்கம் வீட்டில் இரண்டு கதை:
தெலுங்கு ஆள் என்று ஒன்று,
கப்பலில் சேர்ந்துகொண்ட யாரோ என்று ஒன்று.
படிவத்தில் ஒரே கட்டம்.
முதல் கதையை எழுதச் சொன்னேன்.

என் மகன் நூலகத்திலிருந்து நகலெடுத்து வந்தானே, கப்பல் பட்டியல்,
அதிலும் கட்டங்கள்தான்.
எண், வயது, உயரம்.
பெயர், எழுதியவன் காதில் விழுந்தபடி.
அங்க அடையாளம்: இடது முழங்காலில் வடு.

இப்போது அடையாளத்தைத் தோலுக்கடியில் தேடுகிறார்கள்.
ஆறாவது குரோமோசோமின் குட்டைக் கையில்.
நிஜமாகவே அதைக் கை என்றுதான் சொல்வார்களாம்.
என் கை கோணிப்போன காரணம்
இன்னொரு கைக்குள் இருக்கிறதா என்று பார்க்க
மூன்று குழாய் ரத்தம்.

அங்கே எழுதியிருப்பது
நம்மவர் யார் அயலார் யார் என்று
காவலுக்குக் காட்டிக்கொடுக்கும் எழுத்து என்றார் டாக்டர்.
சில எழுத்து வாய்த்தவர்களுக்குக் காவல் குழம்புமாம்,
சொந்த வீட்டுக்காரரையே அயலார் என்று வெளியே தள்ளுமாம்.
கூடத்தில் யாரும் விளக்கம் கேட்கவில்லை.
சாட்ஸ்வொர்த்துக்கு நாங்கள் எப்படி வந்தோம்
என்று எங்களுக்குத் தெரியும்.

ஒப்பிட்டுப் பார்க்க
நோயில்லாத ஒருத்தி வேண்டும்:
அதே யூனிட், அதே வயது, ரத்த உறவு கூடாது.
எதிர்வீட்டு மொகாம்பரியை இழுத்துப் போனேன்,
பீன்ஸ் பன்னி வாங்கித் தருவதாகச் சொல்லி.
ஊசி ஏறும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு
கறிவேப்பிலை விலையைப் பேசினாள்.
என் வீட்டில் இறுகிக் கிடந்த ஊறுகாய் பாட்டில் எல்லாம்
அவள் திறந்தவை.
நான் இருநூற்றுப் பன்னிரண்டு.
அவள் இருநூற்றுப் பதின்மூன்று.

மார்ச்சில், மாத்திரை வாங்கும் புதன்கிழமை,
நொம்வூலா போனை எடுக்கத் திரும்பினாள்.
மேசையில் தாள், எனக்குத் தலைகீழாக.
முப்பது வருடம் சட்டைகளை உள்பக்கம் திருப்பியே பார்த்தவள் நான்,
மொபேனி தொழிற்சாலையில், காலர் வரிசையில்.
தலைகீழ் எழுத்து ஒரு பெரிய காரியமா?

இருநூற்றுப் பன்னிரண்டு: இல்லை.
இருநூற்றுப் பதின்மூன்று: உண்டு, உண்டு.
தாய் தந்த பிரதியிலும், தகப்பன் தந்ததிலும்.

இருக்கிறவர்களுக்கெல்லாம் வராது,
இல்லாதவர்களை விட்டுவைப்பதும் இல்லை.
ஆயிரம் பேரைச் சேர்த்து நிறுத்தினால்தான் அது பேசும்,
ஒருத்தி தனியாகப் போய்க் கேட்டால் வாயைத் திறக்காது.
இதையும் அந்தக் கூடத்தில் சொன்னார்கள்.
ஆயிரம் பேரோடு எனக்கென்ன?
எதிர்வீட்டில் ஒருத்திதான் இருக்கிறாள்.

பஸ்ஸில் வரும்போது
வெட்கமான ஒரு நிம்மதி வந்தது,
என் ரத்தம் குற்றவாளி இல்லை என்று.
ஹிகின்சன் திருப்பத்தில் அதுவும் போய்விட்டது.
குற்றவாளி இல்லாத வலியை
யாரிடம் போய்த் திட்டுவது?

அவளிடம் சொல்லவில்லை.
என்ன சொல்வேன்,
தாளைத் திருட்டுத்தனமாகப் படித்தேன் என்றா?

நேற்று மாலை மாங்காய் பாட்டிலை நீட்டினேன்.
இடுப்பில் அணைத்து ஒரே திருகு.
அவள் விரல் கணுக்களையே பார்த்துக்கொண்டிருந்தேன் போல.
"என்னடி பார்க்கிற?"
மோதிரம் புதுசா என்று சமாளித்தேன்.
"பழசுதான்," என்றாள், அதைத் திருப்பப் பார்த்து,
"இப்பக் கொஞ்ச நாளா கழட்ட வரல.
புழுக்கம். மழை வந்தா சரியாயிடும்."

மழை வந்தது.
அவள் போன பிறகு
பாட்டிலை மூடி இல்லாமலே
அலமாரியில் வைத்தேன்.